தண்ணீர் விளையாட்டு – 9: நியூபெர்க்கின் சறுக்கும் பொங்குமாக்கடலும்

1904-இல் செங்கோட்டை மலையைக் குடைந்துகொண்டு ரயில் கொல்லத்துக்குப் போனதையும், குற்றாலச் சாரல் விழாவையும் முந்தைய வாரங்களில் பார்த்துவிட்டோம். இந்த வாரம் மேக்கரை என்று சொல்லியிருந்தேன். அங்கே போகும் வழியில் ஓர் அமெரிக்க ஆற்றங்கரை குறுக்கிடுகிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இல்லினாய் மாநிலத்தில் ராக் ஐலண்டு என்றொரு ஊர். ஊருக்கு வெளியே ராக் ஆறு, அதை ஒட்டி ஒரு மேடு. சாக் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக்கின் பெயரால் வழங்கும் மேடு அது. அவருடைய மக்கள் துரத்தப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆனபின், 1882-இல், பெய்லி டேவன்போர்ட் என்ற டிராம் முதலாளி அங்கே ஒரு பூங்கா போட்டார். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பும் டிராம் ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். தடம் முடியும் இடத்தில் ஒரு கேளிக்கை இருந்தால் ஜனம் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கும். அந்த நாளில் அமெரிக்காவின் புறநகர் ஆற்றங்கரைகளில் முளைத்த பூங்காக்கள் பலவும் டிராம் கம்பெனிகள் இந்தக் கணக்கில் போட்டவைதான்.

1884-இல் அங்கே ஜே.பி. நியூபெர்க் என்பவர் ஒரு காரியம் செய்தார். மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் சரிவாக மரத்தடம் அமைத்து, அதில் கொழுப்பைத் தடவி, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகில் ஆட்களை உட்காரவைத்துத் தள்ளிவிட்டார். படகு சறுக்கி வந்து ஆற்றில் விழும், ஆனால் மூழ்காது. குளத்தில் நாம் சாய்த்து எறியும் ஓட்டாஞ்சில்லைப் போல நீர்ப்பரப்பில் தத்தித் தத்திப் போய் நிற்கும். கீழே விழும் வேகத்தை முன்னே ஓடும் வேகமாக மாற்றியதில்தான் அதன் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. இன்று நம்மூர்க் கேளிக்கைப் பூங்காக்களில் படகு சரிந்து இறங்கி எல்லோரையும் நனைக்கிறதே, அதற்கு மூதாதை இந்த ராக் ஆற்றுச் சறுக்குதான்.

பிறகு இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் பால் பாய்ட்டன். 1875-இல் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, மல்லாந்து மிதந்தபடி துடுப்புப் போட்டே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த மனிதர் இவர். அந்த உடுப்போடு நதி நதியாக மிதந்து ஊருக்கு ஊர் கூட்டம் சேர்த்தவர். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இந்தச் சறுக்கை வைத்து ஒரு பூங்கா திறந்தார். சுற்றிலும் வேலி, வாசலில் நுழைவுக் கட்டணம். நாம் இன்று அறிந்த கேளிக்கைப் பூங்காவின் உருவம் அங்கேதான் திரண்டது என்கிறார்கள். திறந்த ஆற்றங்கரையில் பிறந்த விளையாட்டு பதினோரு ஆண்டுகளில் வேலிக்குள் போய்விட்டது. இந்தத் தொடர் முழுக்க என்னை விடாமல் துரத்துவது அந்த வேலிதான்.

இப்போது நம் மலைக்கு வருவோம். குற்றாலம் பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழும் பொருள் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைத் தொடும். அப்படி விழும் தண்ணீருக்குக் கீழே மனிதன் தலையைக் கொடுக்க முடியுமா? நாம் கொடுக்கிறோம், தலைமுறை தலைமுறையாக, எண்ணெய் தேய்த்துக்கொண்டு! காரணம் பொங்குமாக்கடல். விழும் வழியில் பாறைக்குள் 19 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம். சிற்றாறு தன் ஆவேசத்தை எல்லாம் அதில் கொட்டிவிட்டு, நிரம்பிப் பொங்கி வழிந்துதான் நம் தோளில் இறங்குகிறது. நியூபெர்க் மரத்தாலும் கொழுப்பாலும் செய்த வேலையை இங்கே பாறை எந்தக் காலத்திலேயோ செய்து வைத்திருக்கிறது. அதன் அடியில் நிற்பதற்கு இன்றுவரை டிக்கெட் இல்லை. உலகத்தின் எந்தக் கேளிக்கைப் பூங்காவையும்விட இதை நான் உயர்வாக நினைப்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆனால் பூங்காவில் விசையை அணைத்தால் தண்ணீர் நிற்கும். மலையில் அப்படி ஒரு விசை கிடையாது. மேலே மழை வலுத்தால் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும், போலீஸ் குளிக்கத் தடை போடும், சீசனுக்கு வந்த குடும்பங்கள் முகம் வாடி நிற்கும். அந்தத் தடை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது.

விசையும் வேண்டும், அருவியும் வேண்டும் என்ற ஆசையில் எழுந்தவைதான் பண்பொழிக்கு மேற்கே மேக்கரைப் பக்கத்திலும், செங்கோட்டைக்கு மேலே குண்டாற்றுப் பக்கத்திலும் வந்த தனியார் அருவிகள். மலையில் இறங்கி வரும் ஓடையைத் தடுத்துத் திருப்பி, சுவர் எழுப்பி, அதன் மேலிருந்து விழவிட்டு, தங்க வருகிறவர்களிடம் காசு வாங்குவது. 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படி இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகளை ஆய்வு செய்து மூடச் சொன்னது. தென்காசி மாவட்டத்தில் சிலவற்றுக்குச் சீலும் வைத்தார்கள். குளிக்க வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பேரருவியில் நெரிசல், தடை என்று அலைந்தவர்கள் பிள்ளைகளை எங்கேயாவது தண்ணீர் காட்டிக் கூட்டிப்போகத்தான் பார்ப்பார்கள். ஓடையை மறித்தவர்களிடம்தான் என் கேள்வி: அந்தத் தண்ணீர் கீழே யாருக்குப் போக வேண்டியது?

அதற்குப் பதில் சொல்ல, அனுமன்நதியின் குறுக்கே நிற்கும் 132 அடி அடவிநயினார் அணையில் தொடங்க வேண்டும். மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிக்கால் என்று ஒவ்வொரு காலாக நடந்து, எந்த வயலுக்கு எது பாய்கிறது என்று பார்த்தால்தான் மறித்த ஓடையின் விலை தெரியும். பக்கம் நிறைந்துவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் அணையிலிருந்து கீழே இறங்குவோம்.

(தொடரும்)