ஒரு மாத்திரை நேரம்

கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று கணக்கிட்டதோடு சரி. அந்த ஒரு மாத்திரைக்குள் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று நாம் எண்ணியதில்லை. ஆனால் ஏறத்தாழ அத்தனை சிறிய நேரத்தில் ஒரு நாடே மகிழ்ச்சிக் கடலில் ஆழ்ந்தது உண்டு. 1976ஆம் ஆண்டு, ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புரூக் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான மலையிறக்கப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அது நிகழ்ந்தது.

மலையிறக்கப் பந்தயம் என்றால் என்ன? ஆங்கிலத்தில் இதனை ‘டவுன்ஹில்’ என்பர். உறைபனி மூடிய மலையின் உச்சிக்கருகே வீரர் நிற்பார். காலில் இரண்டு நீண்ட சறுக்குப் பலகைகள், கையில் இரண்டு ஊன்றுகோல்கள், தலையில் கவசம். அடையாளம் கிடைத்ததும் புறப்பட்டு, அடிவாரத்தில் உள்ள எல்லைக் கோட்டை மிகக் குறைந்த நேரத்தில் அடைய வேண்டும். வழியில் இணை இணையாகக் கம்பங்கள் நட்டுக் கொடிகள் கட்டியிருப்பார்கள். அவற்றுக்கு இடையேதான் செல்ல வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார்.

ஓட்டப் பந்தயத்தைப் போல எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே இறங்குவர். போட்டி கடிகாரத்தோடுதான். நேரத்தை விநாடியின் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிடுவர். மற்றொரு செய்தியும் உண்டு. வளைந்து வளைந்து செல்லும் ‘ஸ்லாலம்’ பந்தயத்தில் இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரங்களையும் கூட்டுவார்கள். ஒலிம்பிக் மலையிறக்கத்திலோ ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதே.

வேகம் எங்கிருந்து வருகிறது? உயரமே வேகத்தைத் தருகிறது. பூமியின் ஈர்ப்பு விசை வீரரைக் கீழே இழுக்கிறது. பலகைக்கும் பனிக்கும் இடையே உண்டாகும் உராய்வும், எதிரே வரும் காற்றும் அவரைத் தடுக்கின்றன. உராய்வைக் குறைக்கப் பலகையின் அடியில் மெழுகு பூசுகிறார்கள். காற்றின் தடையைக் குறைக்க உடலோடு ஒட்டிய உடை அணிந்து, முழங்காலை மடக்கி, முட்டை வடிவமாகக் குனிந்துகொள்கிறார்கள். 2013ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் வெங்கென் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் யோகான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்! சுற்றிலும் ஓர் ஊர்தியின் பாதுகாப்புகூட இல்லாமல், இரண்டு பலகைகளின் மீது நின்றுகொண்டு!

இப்பந்தயத்தை உலக அரங்கில் ஏற்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் நம் சென்னையில் பிறந்தவர் என்றால் நம்புவீர்களா? 1888ஆம் ஆண்டு அங்கே பிறந்த ஆங்கிலேயர் ஆர்னால்டு லன் அவர். இளமையில் மலையேறும்போது விழுந்து, அவருடைய வலக்கால் முறிந்து குட்டையாகிவிட்டது. ஆயினும் அவர் பனிச்சறுக்கை விட்டுவிடவில்லை. 1911இல் சுவிட்சர்லாந்தில் மலையிறக்கப் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்தார். பனிச்சறுக்கு என்றால் சமவெளியில் நெடுந்தூரம் செல்வதும் உயரத்திலிருந்து தாண்டுவதுமே என்று எண்ணியவர்களோடு பல ஆண்டுகள் வாதாடினார். அதன் பயனாக 1931இல் மியூரென் என்னும் சிற்றூரில் மலையிறக்கத்துக்கும் ஸ்லாலத்துக்கும் முதல் உலகப் போட்டி நடந்தது. அதில் பெண்களும் கலந்துகொண்டனர். பதினேழே வயதான எஸ்மி மெக்கின்னன் என்ற பெண் இரண்டு பந்தயங்களிலும் வென்றார் என்பது நமக்குப் பெருமையல்லவா? 1948இல் மலையிறக்கம் தனிப் பந்தயமாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இனி இன்ஸ்புரூக்குக்கு வருவோம். அந்நகருக்கு அருகில் உள்ள பாட்ஷர்கோபெல் என்னும் மலையில்தான் பந்தயம். இந்த மலைக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1964இல் இதே நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு, ராஸ் மில்ன் என்ற ஆஸ்திரேலிய வீரர் பயிற்சியின்போது பாதையை விட்டு விலகி மரத்தில் மோதி உயிரிழந்தார். அவருக்கு வயது பத்தொன்பது. ஆகவே 1976இல் அந்த மலையுச்சியில் நின்ற ஒவ்வொருவரும், தாம் பணயம் வைப்பது பதக்கத்தை மட்டுமன்று என்பதை அறிந்திருந்தனர்.

பிப்ரவரி 5ஆம் நாள். பாதையின் நீளம் 3,020 மீட்டர். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே உயர வேறுபாடு 870 மீட்டர். ஆஸ்திரிய மக்களின் கண்கள் எல்லாம் பிரான்ஸ் கிளாமர் என்ற இருபத்திரண்டு வயது இளைஞரின் மீதே இருந்தன. மலைக் கிராமம் ஒன்றின் உழவர் வீட்டுப் பிள்ளை அவர். பனிக்காலத்தில் பள்ளிக்கே சறுக்கிச் சென்றவர். முந்தைய பருவத்தில் உலகக் கோப்பைக்கான ஒன்பது மலையிறக்கப் பந்தயங்களில் எட்டில் வென்றிருந்தார். சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னிலையில், அவர் தோற்கக்கூடும் என்று யாரும் நினைக்கவே தயாராக இல்லை. புகழைவிடக் கனமான சுமை வேறு உண்டோ?

மூன்றாவதாக இறங்கிய சுவிட்சர்லாந்து வீரர் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி, 1 நிமிடம் 46.06 விநாடியில் எல்லையைத் தொட்டார். 1972இல் தங்கம் வென்றவர் அவர், பிழையின்றி இறங்கினார். அடுத்தடுத்து வந்தவர்களால் அவரை நெருங்க முடியவில்லை. கிளாமரின் எண் 15. அவருக்கு முன் பலர் சென்றதால் பாதை தேய்ந்து கரடுமுரடாகியிருந்தது.

மஞ்சள் உடை அணிந்த கிளாமர் புறப்பட்டார். இடைவழியில் கணக்கிட்டபோது ருஸ்ஸியைவிடப் பின்தங்கியிருந்தார்! கூடியிருந்த பல்லாயிரவரும் திகைத்தனர். அதன் பிறகு அவர் இறங்கியதை இறக்கம் என்பதைவிடப் போராட்டம் என்பதே பொருந்தும். கைகள் காற்றில் வீச, ஒரு கால் அந்தரத்தில் எழ, விழுந்துவிட்டார் என்று எண்ணும்போதெல்லாம் சமநிலையை மீட்டுக்கொண்டார். இறுதிப் பகுதியில் மற்றவர்கள் செல்லாத தடத்தில் துணிந்து சென்றார். எல்லைக் கோட்டைக் கடந்தபோது கடிகாரம் காட்டியது: 1 நிமிடம் 45.73 விநாடி! வேறுபாடு 0.33 விநாடி, அதாவது விநாடியின் மூன்றில் ஒரு பங்கு. அவர் சென்ற சராசரி வேகத்தில் அது சுமார் ஒன்பது மீட்டர் தூரம். நம் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ருஸ்ஸிக்கு வெள்ளியும், இத்தாலியின் ஹெர்பர்ட் பிளாங்கிற்கு வெண்கலமும் கிடைத்தன.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. கிளாமருக்குப் பின்னர் இறங்குமுகமும் வந்தது. 1980 ஒலிம்பிக் பந்தயத்துக்கு அவரைச் சொந்த நாடே தேர்ந்தெடுக்கவில்லை. அவரோ ஒதுங்கிவிடாமல் உழைத்தார்; 1983இல் மலையிறக்கத்துக்கான உலகக் கோப்பையை ஐந்தாம் முறையாகப் பெற்றார். தோற்ற ருஸ்ஸி என்ன ஆனார்? வென்றவரை மனமுவந்து வாழ்த்தினார். பின்னாளில் மலையிறக்கப் பாதைகளை அமைக்கும் வல்லுநரானார். 1994இன் லில்லஹாமர் போட்டிக்கும் 2022இன் பெய்ஜிங் போட்டிக்கும் பாதை வகுத்தவர் அவரே. வேகத்தின் ஆபத்தைத் தம் கால்களால் அறிந்தவர், பிறருக்குப் பாதை வகுக்கும் பொறுப்பை ஏற்றார் என்பது எத்துணை பொருத்தம்!

கிளாமரின் துணிவைக் கண்மூடித்தனம் என்று கருதிவிடக் கூடாது. பந்தயத்துக்கு முன்பு வீரர்கள் பாதையின் ஓரமாக மெல்ல இறங்கி, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். பல நாட்கள் பயிற்சி ஓட்டங்கள் நடக்கின்றன. அந்த உழைப்பு இல்லாத துணிவு மலையில் உயிரையே வாங்கிவிடும். அந்த உழைப்பு உள்ளவனுக்கோ, தடுமாறும்போதும் கால்கள் தாமாகவே வழி அறிகின்றன.

தோழியரே! அடுத்த முறை இலக்கண வகுப்பில் மாத்திரையை எண்ணும்போது பாட்ஷர்கோபெல் மலையை நினைத்துக்கொள்வோம். ஒரு மாத்திரைதான். ஆனால் அதைப் பெறுவதற்கு, பள்ளிக்குச் சறுக்கிச் சென்ற நாள் முதலாக ஒரு சிறுவன் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.