பச்சைக் கோடு இதோ... சிவப்புக் கோடு எங்கே?

மண்டபம் கடற்கரையில் இரவு நேரம். ஒரே 5 மில்லிவாட் திறனுள்ள பச்சை, சிவப்பு லேசர்களை வெற்றுச் சுவரில் அடித்தால், பச்சைக்கு நூல் பிடித்தது போல் கோடு தெரியும். சிவப்புக்குச் சுவரில் புள்ளி மட்டும்தான்! ஏன் தெரியுமா, குட்டீஸ்?

லேசர் ஒளி நேராகப் போய்விடும். காற்றிலுள்ள தூசியும், அலை தெறிக்கும் உப்புத் துளிகளும் அதைச் சிதறடித்தால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கோடு தெரியும். அதிலும் நம் கண்ணுக்குப் பச்சை என்றால் கொள்ளைப் பிரியம்! 532 நானோமீட்டர் பச்சை, 650 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 8 மடங்கு பிரகாசமாகத் தெரியும். 405 நானோமீட்டர் ஊதாவோ ரொம்ப மங்கல். அதற்காகக் கண்ணில் அடித்துவிடாதீர்கள். விழித்திரையை அதுவும் சுடும்.

பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் 'ஐ.என்.எஸ். பருந்து' விமானத் தளம் இருக்கிறது. வானத்தில் லேசர் அடித்தால், இறங்கும் விமானியின் கண் கூசி, ஓடுதளமே தெரியாமல் போகலாம்!