தேய்மானத்தை அளந்தறிவோம்

தீக்குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் உரசினால் தீப்பற்றுகிறது. உராய்வினால் வெப்பம் பிறப்பதே இதற்குக் காரணம். 1923-ஆம் ஆண்டளவில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், இந்த உராய்வைக் கொண்டே எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே உராய்வு பெரிய இயந்திரங்களுக்கோ பகையாகிறது. எப்படி என்று காண்போம்.

விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டி அருகே, இராமசாமிராஜா நகரில் சிமெண்ட் ஆலை ஒன்று உள்ளது. 1957-இல் நிறுவப்பெற்று, இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என வழங்கும் நிறுவனத்தின் முதல் ஆலை அதுவே. சிமெண்ட் தொழிலில் 'பால் மில்' என்ற பெரிய அரவை உருளை பயன்படுகிறது. அதனுள்ளே எஃகுக் குண்டுகள் உருண்டு புரண்டு, சுட்ட கட்டிகளைப் பொடியாக்குகின்றன. பல டன் எடையுள்ள அவ்வுருளையின் இரு முனைகளையும் தாங்குபவை பேரிங்குகள்.

மிதிவண்டிச் சக்கரத்தின் பேரிங்கில் சிறு குண்டுகள் இருக்கும். அரவை உருளைகள் பலவற்றின் பேரிங்கில் அவை இரா. வெள்ளீயத்துடன் ஆன்டிமனியும் செம்பும் கலந்த மெத்தென்ற உலோகம் உட்புறம் வார்க்கப்பட்டிருக்கும். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கிய கலவையின் வழிவந்தது இது. சுழலும் தண்டுக்கும் இவ்வுலோகத்துக்கும் இடையே, தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. தூசி புகுந்தாலோ, எண்ணெய் குறைந்தாலோ படலம் அறுந்து உலோகம் தேயும். தண்டு சற்றே கீழிறங்கும். பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. வெப்பம் ஏறி 240 டிகிரி செல்சியசை எட்டினால் அவ்வுலோகம் உருகத் தொடங்கும். பிறகு ஆலை நிற்கும். அதை நம்பியோரின் வேலையும் நிற்கும்.

மூடிய பேரிங்கினுள் நடப்பதை எப்படி அறிவது? வழிகள் மூன்று. முதலாவது, உருளை நின்றிருக்கும்போது 'ஃபீலர் கேஜ்' என்னும் மெல்லிய எஃகுத் தகடுகளை இடைவெளியில் செருகி அளப்பது. இரண்டாவது, ஓடும்போது வெப்பத்தையும் அதிர்வையும் குறிப்பது. மூன்றாவது, எண்ணெயைச் சோதிப்பது. அதில் வெள்ளீயம் மிகுந்தால் பேரிங்கின் உட்பூச்சு தேய்கிறது. சிலிக்கன் மிகுந்தால் தூசி புகுந்திருக்கக்கூடும்.

ஆயினும் ஒருமுறை அளப்பதால் மட்டும் பயனில்லை. இடைவெளி 0.60 மில்லிமீட்டர் என்று இன்று அறிந்தால், அது நன்றா தீதா? முந்தைய அளவுகள் 0.50, 0.51, 0.52 எனப் பதிவேட்டில் இருந்தால்தான், தேய்மானம் திடீரென விரைந்துள்ளது புலப்படும். சூட்டில் உலோகம் விரியுமாதலால், எப்போதும் அதே இடத்தில், அதே கருவியால், குளிர்ந்த நிலையிலேயே அளத்தல் வேண்டும். சலிப்பால் ஒருவர் பழைய எண்ணையே பார்த்தெழுதினால் பதிவேடு பொய்த்துவிடும். பேரிங் பொய் சொல்லாது.

தோழியரே, ஆலையைக் காப்பதில் பெரிய கருவிகளுக்கு மட்டுமன்றி, தவறாமல் அளந்து உண்மையாக எழுதும் சிறிய கைக்கும் பங்குண்டு. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நம் குறிப்பேட்டை நிரப்பும்போது இதை நினைவிற்கொள்வோம்!