அரசியல் கையொப்பங்களும் பழந்தாள்களும் சேகரித்தல்

நாட்டுத் தலைவர்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள், சட்டமன்றத்தினர் ஆகியோர் கைப்பட எழுதிய கடிதங்கள், அவர்கள் கையொப்பமிட்ட ஆணைகள், அக்காலத்துத் தேர்தல் நோட்டீசுகள், வாக்குச்சீட்டுகள், அழைப்பிதழ்கள் முதலியவற்றைத் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பது அரசியல் கையொப்பச் சேகரிப்பு எனப்படும். அஞ்சல்தலை, நாணயம் சேகரிப்பதைப் போல இதுவும் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே தொடங்குகிறது. எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓர் அஞ்சல்தலை இலட்சக்கணக்கில் அச்சாகும். ஒரு கடிதமோ உலகில் ஒன்றே ஒன்றுதான். அது சிதைந்தால் அதிலிருந்த செய்தியும் அதோடு போய்விடும்.

இத்துறை மிகுதியாக வளர்ந்த நாடுகளுள் அமெரிக்கா முதன்மையானது. 1776-இல் வெளியான அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்கள் 56 பேர். அந்த 56 பேரின் கையெழுத்தையும் ஒருசேரத் திரட்டுவது அந்நாட்டுச் சேகரிப்பாளர்களின் நெடுநாள் இலக்காக இருந்துவருகிறது. இதில் முட்டுக்கட்டையாக நிற்பவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த பட்டன் குவின்னெட். வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்றோரின் புகழ் இவருக்கு இல்லை. சாற்றுரையில் ஒப்பமிட்ட மறு ஆண்டே, 1777-இல், ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று இறந்தார். எனவே அவர் எழுதியது குறைவு. எஞ்சியது அதனினும் குறைவு. இன்று அறியப்பட்டுள்ள அவருடைய கையொப்பங்கள் ஏறத்தாழ ஐம்பதுதான். அவற்றுள் பல கடன் பத்திரங்கள் போன்ற சாதாரணத் தாள்களில் உள்ளவை. இருப்பினும் அவர் ஒப்பமிட்ட ஒரு கடிதம் 1927-இல் 51,000 டாலருக்கு விலைபோனது. 2010-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கையொப்பம் 7,22,500 டாலர் பெற்றது. ஒருவரின் பெருமையை அல்ல, அவருடைய தாள் கிடைப்பதன் அருமையையே சந்தை எடைபோடுகிறது என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று இல்லை. 31 நாள்கள் மட்டுமே குடியரசுத் தலைவராக இருந்து 1841-இல் இறந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன் அப்பதவியில் ஒப்பமிட்ட ஆவணங்கள் கிடைத்தற்கரியனவாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

சேகரிப்பும் சிதைப்பும்

56 கையெழுத்துகளையும் முதலில் திரட்டியவராகக் கருதப்படுபவர் வில்லியம் ஸ்பிரேக் என்னும் சமயப் போதகர். இளமையில் வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதக் கட்டுகளிலிருந்து விரும்பியவற்றை எடுத்துக்கொள்ள வாஷிங்டனின் உறவினரிடம் இசைவு பெற்றார். ஒரே நிபந்தனை, எடுத்த கடிதத்துக்குப் பதிலாக அதன் நகலை வைத்துவிட வேண்டும் என்பது. அவர் எடுத்தவை ஏறத்தாழ 1,500 கடிதங்கள். நகல் வைத்தாரே என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஜாரெட் ஸ்பார்க்ஸ் செய்ததற்கு அந்த ஆறுதலும் இல்லை. இவர் சாதாரணச் சேகரிப்பாளர் அல்லர். வாஷிங்டனின் எழுத்துகளைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்த வரலாற்றாசிரியர். வாஷிங்டன் தம் முதற் பதவியேற்புக்காகத் தம் கைப்பட எழுதி, பேசாமல் விட்ட உரை ஒன்று இவர் கைக்கு வந்தது. பயனற்றது என்று கருதி, அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, கையெழுத்து மாதிரி கேட்ட நண்பர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டார். பிற்கால அறிஞர்கள் துண்டுகளைத் தேடித் தேடி ஒட்டிப் பார்க்கிறார்கள். உரை முழுமையாகக் கிடைக்கவில்லை. கற்றறிந்தவர் கையாலேயே இப்படி நேர்ந்தது.

கடிதத்தின் அடியில் உள்ள பெயரை மட்டும் கத்தரித்து ஏட்டில் ஒட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. கையொப்பம் பிழைத்தது; யாருக்கு, எப்போது, எதைப் பற்றி எழுதப்பட்டது என்பது குப்பைக்குப் போனது. இன்று சந்தையிலும் முழுக் கடிதத்துக்கே மதிப்பு அதிகம்.

உண்மையும் போலியும்

தலைவரின் பெயர் இருந்தால் அது தலைவரின் கைதான் என்று கொள்ள இயலாது. அமெரிக்காவில் நிலப்பட்டாக்களில் குடியரசுத் தலைவரே ஒப்பமிட்டு வந்தார். வேலை பெருகியதால் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், 1833-இல், செயலர் ஒருவர் அவருக்காக ஒப்பமிடச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய பட்டாக்களில் காணும் தலைவர் பெயர் செயலர் எழுதியது. அதன் கீழேயே செயலரின் பெயரும் இருக்கும். ஆனாலும் லிங்கனின் கையொப்பம் என்று நம்பி இத்தகைய பட்டாவை வாங்கி ஏமாறுவோர் உண்டு. லிங்கன் கடிதங்களில் பெரும்பாலும் முதலெழுத்தோடு 'ஏ. லிங்கன்' என்றும், அரசு ஆவணங்களில் முழுப்பெயராகவும் ஒப்பமிடுவார் என்ற பழக்கத்தை அறிந்தவருக்குச் சோதனை சற்று எளிது.

20ஆம் நூற்றாண்டில் ஆட்டோபென் என்னும் எந்திரம் வந்தது. மாதிரி ஒன்றைப் பின்பற்றி அது மெய்யான பேனாவையே பிடித்து எழுதும். ஜான் கென்னடி அலுவலகம் இதை ஏராளமாகப் பயன்படுத்தியது. கண்டறியும் வழி எளிமையானது: இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், எந்திரம் எழுதியவை அச்சாகப் பொருந்தும். மனிதன் தன் பெயரை இருமுறை ஒரேபோல எழுதுவதில்லை.

வேண்டுமென்றே செய்யும் மோசடியில் பெரும்புகழ் பெற்றது ஹிட்லர் நாட்குறிப்பு விவகாரம். 1983-இல் மேற்கு ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழ் தொண்ணூறு இலட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து அந்த ஏடுகளை வாங்கியது. எழுதியவர் கோன்ராட் குயாவ் என்னும் போலி தயாரிப்பாளர். வல்லுநர்கள் கையெழுத்தை ஒப்பிட்டு உண்மை என்றே சான்று தந்தனர். ஏனென்றால் ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அவரே தயாரித்தவை கலந்திருந்தன! இறுதியில் காட்டிக்கொடுத்தது எழுத்து அன்று, தாள். போருக்குப் பின்னர் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் இரசாயனம் அதில் இருந்ததை ஆய்வகம் கண்டது. புற ஊதா விளக்கின் கீழ் அத்தகைய தாள் நீல வெண்மையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். இச்சோதனையை இன்றும் சேகரிப்பாளர் பலர் செய்கின்றனர்.

உதிரித்தாள்கள்

ஒருநாள் பயனுக்கென அச்சிட்டு மறுநாள் எறியப்படும் தாள்களுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சிகளே அச்சிட்டு வாக்காளர் கையில் கொடுத்தன. சீட்டின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே யார் யாருக்கு வாக்களிக்கிறார் என்று அருகில் நிற்பவர் அறிந்துகொள்ள முடிந்தது. 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசே அச்சிடும் இரகசிய வாக்குச்சீட்டுக்குச் சட்டம் இயற்றியது. முந்தைய வண்ணச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு இரகசிய வாக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் இவ்வகைத் தாள்களைப் பொருட்படுத்திச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் போன்றவற்றையும் விடாமல் காத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது.

இந்தியாவில் காந்தியடிகள் கையொப்பம் கேட்டவர்களிடம் ஐந்து ரூபாய் பெற்று அரிசன நிதியில் சேர்த்தார். தமிழில் ஒப்பமிட்டதும் உண்டு. அவருடைய தென்னாப்பிரிக்க நண்பர் காலன்பாக்கின் குடும்பத்தாரிடம் இருந்த காந்தி தொடர்பான கடிதங்களும் ஆவணங்களும் 2012-இல் இலண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தன. இந்திய அரசு ஏலத்துக்கு முன்பே அவற்றை வாங்கித் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. தமிழ்த் தொழிலாளர் பலர் தங்கிய டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் தந்தவர் காலன்பாக் என்பதால் தமிழருக்கும் இதில் தொடர்பு உண்டு.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புடைய கையெழுத்து ஆவணம் 75 ஆண்டுகள் கடந்திருந்தால் அது தொல்பொருளாகிவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடிதத்தாள் வாங்கியவருக்கு உரியதானாலும், அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது.

வீட்டில் பழங்கடிதம் இருப்பவர்கள் அதை லாமினேட் செய்யக் கூடாது. செலோடேப் ஒட்டவும் கூடாது. செலோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். குறிப்பு எழுத வேண்டுமானால் உறையின் மேல் மென்மையான பென்சிலால் எழுதி, அமிலமற்ற உறையில் வெயில் படாத இடத்தில் வைக்கலாம். யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எப்படிக் கைக்கு வந்தது என்பதே அக்குறிப்பில் முதலில் இருக்க வேண்டியது.