ஃபாரன்ஹீட் 451: ஒரு மறுவாசிப்பு

தாள் எந்த வெப்பநிலையில் தீப்பற்றும்? 451 பாகை ஃபாரன்ஹீட் என்கிறது, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் அறிவியல் புதினம். நமக்குப் பழக்கமான அளவில் ஏறத்தாழ 233 பாகை செல்சியஸ். 1953-இல் வெளிவந்த அந்நூலின் பெயரே 'ஃபாரன்ஹீட் 451'.

தமிழ்ப்பள்ளியில் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நான், நான்காம் படிவத்தில் ஆங்கிலம் பழகுவதற்காக இதைப் படித்தேன். தீயை அணைக்க வேண்டிய வீரர்களே வீடு வீடாகச் சென்று நூல்களை எரிக்கிறார்கள். அவர்களுள் ஒருவனான மோண்டாக், நூல்களை ஒளித்து வைத்துப் படிக்கத் தொடங்குகிறான். அன்று எனக்கு அது விறுவிறுப்பான கதை, அவ்வளவுதான்.

சென்ற பருவ விடுமுறையில் தெப்ராவ் வீட்டில் மீண்டும் அதைக் கையிலெடுத்தேன். இம்முறை யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. 1981-இல் அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. நூலெரிப்பு தமிழருக்குக் கற்பனையன்று.

ஆனால், முதல் வாசிப்பில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. தடை அரசாங்கத்திடமிருந்து தொடங்கவில்லை என்று தீயணைப்புத் தலைவன் பீட்டியே விளக்குகிறான். மக்கள் முதலில் சுருக்கங்களை விரும்பினார்கள். பிறகு வாசிப்பையே விட்டார்கள். நெருப்பு கடைசியில்தான் வந்தது. மோண்டாக்கின் மனைவி மில்ட்ரெட் மூன்று சுவர்களை நிறைத்த தொலைக்காட்சித் திரைகளே கதி என்று கிடக்கிறாள். இரவில் காதுக்குள் குட்டி வானொலி. கைப்பேசியோடு உறங்கும் நமக்கு அவள் அந்நியமானவளா?

தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் வாங்கிச் சேர்த்த தமிழ் நூல்கள் எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இடத்தை அடைக்கிறது, பழைய தாள் வாங்கும் லோரியில் போட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். ஒரு பெட்டி போய்விட்டது. உள்ளே என்னென்ன நூல்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. யாரும் தீ வைக்கவில்லை.

புதினத்தின் இறுதியில், ஊருக்கு வெளியே வாழும் சிலர் ஆளுக்கொரு நூலை மனனம் செய்து காக்கிறார்கள். எனக்கு அந்த நினைவாற்றல் இல்லை. எனவே, எஞ்சிய பெட்டியிலிருந்து நாளும் சில பக்கங்களைக் கண்பார்வை மங்கிய தாத்தாவுக்கு வாசித்துக் காட்டி வருகிறேன். மற்றொரு பெட்டி எங்கே என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

நண்பர்களே, இப்புதினத்தைத் தேடிப் படியுங்கள். க்ரியா பதிப்பகம் தமிழிலும் வெளியிட்டுள்ளது. அதற்கு முன், லோரி வருவதற்குள் உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.