நிலம் போடுதல்

வீடு கட்டுவோர் கூரையைப் பற்றி நூறு வினா வினவுவர். சுவரைப் பற்றிப் பத்து வினவுவர். நிலத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் வினவுவர். “என்ன நிறம்?” என்பதே அவ்வினா.

யாழ்ப்பாணத்தார் ‘தரை’ என்பதினும் ‘நிலம்’ என்பதே பெரும்பான்மை. “வீட்டுக்கு நிலம் போட்டாயிற்றோ?” என்று பண்டத்தரிப்பிலே ஒருவர் கேட்டால், அது காணி வாங்கியதைப் பற்றிய வினாவன்று. தமிழகத்து அன்பர் ஒருவர் இதனைக் கேட்டு மயங்கி, “எத்தனை ஏக்கர்?” என்று கேட்டதும் உண்டு.

முன்னாளில் எங்கள் ஊர் வீடுகளின் நிலம் மண்ணும் சாணமுமே. மெழுகுதல் ஒருநாளோடு முடியும் பணியன்று. பிள்ளை வளர்ப்பதுபோல் நாடோறும் கவனிக்க வேண்டியது. திருவதிகையிலே திலகவதியார் மேற்கொண்ட தொண்டு திருவலகும் திருமெழுக்கும் என்பதைச் சைவ உலகம் அறியும். வசதி படைத்தோர் சுண்ணாம்புக்கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றிச் சாந்தாக்கி, பனங்கட்டி கரைத்த நீரும் சேர்த்துக் குழைத்துத் தளம் போட்டனர். சுதை என்று நூல்கள் சொல்வது அந்தச் சுண்ணச் சாந்தையே.

பின்னர்ச் சீமெந்து வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று; போரின் காரணமாக 1990 இல் நின்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில், குடாநாட்டின் அடியிலே கிடந்த சுண்ணாம்புக்கல்லே பொடியாகி, மூட்டையிலேறி எங்கள் வீடுகளுக்குத் திரும்பி வந்தது. என் தந்தையார் 1962 இல் அந்தச் சீமெந்தினாலேயே தலைவாசலுக்கும் விறாந்தைக்கும் செந்நிற நிலம் போட்டார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு நாங்களும் வெளியேறினோம். 1996 இல் மீண்டு வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகளும் இல்லை. நிலம் கிடந்தது. அம்மா அழவில்லை. கிணற்றிலே நீரள்ளி வந்து நிலத்தைக் கழுவத் தொடங்கினார்.

நிற்க. சென்ற ஆண்டு அவ்வீட்டோடு புதிதாக ஓர் அறை சேர்த்தோம். மகளின் திருமண நாள் நெருங்கிற்று. ஒரு கிழமையிலே சாந்து பரப்பி, அதன்மேல் வெள்ளை மாபிளும் பதித்துவிட்டனர். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. மூன்று திங்களில் நடக்குமிடமெல்லாம் ‘டொக், டொக்’ என்று ஒலி எழுந்தது. இரண்டு கற்கள் வெடித்தன. எங்கள் ஊர் மூத்த மேசன் ஒருவரை அழைத்தேன். அவர் ஊன்றுகோலால் நாலிடத்திலே தட்டிவிட்டுச் சொன்னார்:

“வாத்தியார், இது நிலமில்லை, மேளம்.”

பிழை மாபிளிலன்று, அதன் கீழுள்ள சாந்துப் படையிலே என்றார் அவர். ஒன்றரை அங்குலக் கனமுள்ள அந்தப் படையை எவரும் கண்ணாற் காண்பதில்லை. அதனாலேயே அதில் அவசரம் புகுகின்றது. கீழேயுள்ள கொங்கிறீற்றைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசு போகக் கழுவி, ஈரமாக்கி, சீமெந்துப் பால் தடவ வேண்டும். அந்தப் பால் உலருமுன் சாந்து விழவேண்டும். எங்கள் அறையிலே தூசியின்மேலேயே சாந்து விழுந்திருக்கின்றது. சாந்து பிடிக்கவில்லை, சும்மா படுத்திருக்கின்றது.

சாந்தின் பதத்தை அவர் விளக்கியது என் மனத்தை விட்டகலாது. “புட்டுக்கு மா குழைக்கிற பதம். கையிலை பிடிச்சால் பிடி நிக்க வேணும், கை நனையக்கூடாது.” சீமெந்து ஒரு பங்கென்றால் மணல் மூன்று அல்லது நான்கு பங்கு. இழுக்க இலகு என்று நீரை மிகுதியாக விட்டால், அந்நீர் போனபின் சாந்து சுருங்கி வெடிக்கும். மிகுந்த நீரை உறிஞ்சவென்று மேலே வெறுஞ்சீமெந்து தூவுவது அதனினும் கேடு. மேற்றோல் செதிலாய் உரியும். கடற்கரை மணலானால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும்.

சீமெந்து உலர்ந்து இறுகும் பொருளன்று. நீரோடு கூடி இறுகும் பொருள். ஆதலின் ஏழு நாளாவது ஈரச்சாக்கு மூடிக் காக்க வேண்டும். எங்கள் அறைக்கோ சாளரங்களைத் திறந்து, சோளகக் காற்றுக்கு விருந்து வைத்தோம்! அதன் பின்னரும் பொறுமை வேண்டும். ஒரு மில்லிமீற்றர் கனம் உலர ஏறத்தாழ ஒருநாள் என்பது கட்டடக்காரர் கணக்கு. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு மாதத்தின்மேற் செல்லும். கலியாண வீட்டார் ஒரு மாதம் பொறுப்பார்களா?

இப்படைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீட்’ என்று பெயர். அச்சொல் முதலிற் குறித்தது கிழிந்த துண்டினை, கீற்றினை. மேசன்மார் குழாயில் நீர்நிரப்பி மட்டம் பார்த்து, முதலிற் கீற்றுக் கீற்றாகச் சாந்து வைப்பர். பின் கீற்றுக்களின் இடையை நிரப்பி, மட்டப்பலகையால் இழுப்பர். வழிகாட்டிய கீற்றின் பெயர் முழுத்தளத்துக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் சினையாகுபெயர் என்று இதனை எளிதில் வகுத்துவிடுவர்.

கடைகளின் நிலம் வேறு வகை. மூட்டையும் தள்ளுவண்டியும் ஓயாது உரசுமிடத்துக்கு மேற்பரப்பு வன்மை வேண்டும். பெரிய பரப்பைப் பாத்தி கட்டுவதுபோலப் பிரித்துவிட வேண்டும். இன்றேல் நிலம் தானே தனக்கு வேண்டிய இடத்திற் பிரிந்துகொள்ளும். மீன் விற்குமிடமாயின் நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது வாய்க்காற் பக்கம் சரிய வேண்டும். சந்தியிலே எழும் புதிய கடைகளுக்குள் நுழையும்போதெல்லாம் இப்போது நானும் செருப்புக் குதியால் மெல்லத் தட்டிப் பார்க்கின்றேன். கடைக்காரர் என்ன நினைக்கின்றாரோ!

கனடாவிலுள்ள தம்பிக்கு, பழைய செந்நிலத்தையும் உடைத்து வீடு முழுவதும் ஒரே வெள்ளையாக்க ஆசை. காசும் அனுப்ப ஆயத்தம். மேசனாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தலைவாசலிலிருந்து அடுக்களை வாசல்வரை தட்டிக்கொண்டே நடந்தார். எங்கும் கெட்டி ஒலி. அடுக்களை வாசலில் ஓரிடம் மட்டும் பொய்த்தது.

“இதிலை உரல் வைச்சு இடிச்சவையோ?”

அம்மா இடித்த இடந்தான்.

புதிய அறையை மட்டும் உடைப்போம் என்று முடிவாயிற்று. பத்துச் சாக்கு எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கின்றார்.