மண் அகழும் மாபெரும் பொறி

நிலத்தை அகழ்தல் மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில்களுள் ஒன்றாகும். அவன் கிணறு வெட்டினான், ஏரி தோண்டினான், மலையைக் குடைந்து பொன்னும் இரும்பும் எடுத்தான். அப்பணிகளுக்கெல்லாம் மண்வெட்டியும் கடப்பாறையும் கூடையுமே அவனுக்குத் துணையாயின. ஆனால், பல பனைமர உயரத்திற்குக் கீழே, பரந்த நிலப்பரப்பெங்கும் படிந்து கிடக்கும் ஒரு பொருளை வெளிக்கொணர வேண்டுமாயின், அக்கருவிகள் போதுமா? போதா. அதற்கென அமைந்ததே வாளிச் சக்கர அகழ்பொறி. நம் மாநிலத்தில் அதனை நெய்வேலியிற் காணலாம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது, நீருடன் கருநிறப் பொருள் ஒன்று வெளிவந்தது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளால், அங்கே பழுப்பு நிலக்கரி பெருமளவில் உண்டென்பது தெளிவாயிற்று. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. மறு ஆண்டு மே திங்கள் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். எனினும், கரி கண்ணிற்பட்டது 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலேதான். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு எடுக்கப்பட்டதெல்லாம் மண்ணே!

இஃது ஏன்? நெய்வேலியில் கரிப்படிவத்தின்மேல் ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டருக்கு மேலும் மண்ணும் களியும் மணற்பாறையும் மூடிக் கிடக்கின்றன. ஒரு டன் கரி பெற ஏறத்தாழ 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். ஆகவே, அங்குக் கரி எடுத்தல் என்பது பெரும்பாலும் மண் எடுத்தலேயாகும்.

இனி, அகழ்பொறி வேலை செய்யும் முறையைக் காண்போம். அதன் நீண்ட கையின் நுனியில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வாளிகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு வாளியின் வாயிலும் எஃகுப் பற்கள் உள்ளன. சக்கரம் சுழலும்பொழுது, பற்கள் நிலத்தைக் கீறி மேல் எழும். வாளி மண்ணால் நிறையும். உச்சியை அடைந்ததும் தன் சுமையை ஓடும் பட்டையொன்றின்மேல் கொட்டும். சக்கரம் நில்லாது சுழல்வதால் மண்ணும் இடையறாது வந்து விழும். வெட்டுதல், அள்ளுதல், ஏற்றுதல் ஆகிய மூன்றும் ஒரே சுழற்சியில் முடிவதே இப்பொறியின் சிறப்பு.

நெய்வேலியில் உள்ள பெரிய பொறிகளின் வாளி ஒன்று 1,400 லிட்டர் கொள்ளளவு உடையது. ஒருவர் தலையிற் சுமக்கும் கூடை 20 லிட்டர் மண் கொள்ளுமாயின், ஒரு வாளி எழுபது கூடைக்கு நிகராகும். பொறியிலிருந்து வரும் மண், நெடுந்தொலைவு செல்லும் பட்டைகளில் ஏறி, கரி எடுத்து முடிந்த பள்ளத்தை அடைகிறது. அங்கே மற்றொரு பொறி அதனைப் பரப்புகிறது. கரியோ அனல்மின் நிலையம் செல்கிறது. அகழ்பொறியை இயக்குவதும் மின்சாரமே. ஆதலின், கரி தந்த ஆற்றலே மீண்டும் கரியை அகழ்கிறது எனலாம்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த பொறிக்கும் இடர்கள் நேர்ந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த இப்பொறிகள் மென்மையான மண்ணை அகழ்ந்து பழகியவை. நெய்வேலியின் கடிய மணற்பாறையில் அவற்றின் பற்கள் விரைவில் தேய்ந்தன. மழைக்காலத்திலோ களிமண் வாளிகளிலும் பட்டைகளிலும் ஒட்டிக்கொண்டது. பொறியாளர்கள் மனம் தளரவில்லை. பாறையை முன்னதாக வெடிவைத்துத் தளர்த்தினர். பற்களின் அமைப்பையும் மாற்றினர். கரிக்கு அடியிலும் பகை இருந்தது. அங்குள்ள நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. அதனைக் குழாய்க் கிணறுகளால் அல்லும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடின், சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பாயும்.

இவற்றினும் பெரிய பொறிகள் ஜெர்மனியில் உள்ளன. அங்கு 1978-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ‘பாகர் 288’ என்னும் பொறி ஏறத்தாழ 13,500 டன் எடையுடையது. அதன் சக்கரத்தின் குறுக்களவு 21 மீட்டருக்கு மேற்பட்டது, வாளிகள் 18. 2001-ஆம் ஆண்டில் அது, சாலையும் ஆறும் கடந்து, 22 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு சுரங்கத்திற்குத் தானே ஊர்ந்து சென்றது. அதற்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

மாணவர்களே! இப்பொறி செல்லும் வழியில் வயலும் தோப்பும் ஊரும் நில்லா. நெய்வேலியிலும் ஜெர்மனியிலும் மக்கள் பலர், தலைமுறைகளாக உழுத நிலத்தையும் வாழ்ந்த வீட்டையும் விட்டுப் பெயர்ந்தனர். நம் இல்லங்களில் விளக்கு எரிய அவர்தம் அடுப்புகள் இடம் மாறின. அவர்களுக்கு உரிய ஈடு அளிப்பதும், அகழ்ந்த நிலத்தைச் செப்பனிட்டு மரமும் பயிரும் வளர்ப்பதும் நம் கடன். நெய்வேலியில் மண் நிரப்பிய இடங்களிற் சில இன்று பசுமையாய் விளங்குகின்றன. மேலும், கரியை எரிப்பதால் எழும் புகை உலகின் வெப்பத்தை மிகுவிக்கிறது என்பதையும் இன்று நாம் அறிவோம். ஆதலால் கதிரவனிடமிருந்தும் காற்றிலிருந்தும் மின்னாற்றல் பெறும் முயற்சிகள் பெருகி வருகின்றன.

பொறிக்கு வலிமை உண்டு. எங்கே அகழ்வது, எங்கே நிறுத்துவது என்னும் அறிவு அதற்கு இல்லை. அவ்வறிவு மனிதனிடமே இருத்தல் வேண்டும்.